பாடம் செய்த தலையும் பாடபேதமும்: ஓர் அட்டைக் காட்டெருமையை முன்வைத்து

1

"தலைய மட்டும் தூக்கிட்டு வந்திருக்கீங்களே, மீதிய யாரு தின்னா?"

மலையடிவார ஊர் ஒன்றில் எங்கள் வீதி நாடகம் முடிந்ததும் ஒரு பாட்டி கேட்டது இது. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கூட்டமும் சிரித்தது. நாங்களும் சிரித்துவிட்டு, மூங்கில் கழியிலிருந்து காட்டெருமைத் தலையை அவிழ்த்து வேனில் ஏற்றினோம். ஊர் திரும்பும் வழியில்தான் அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்கியது.

காட்டைவிட்டு ஜனங்களை வெளியேற்றுவது பற்றிய நாடகம் அது. காட்டெருமை அதில் சாட்சி. ஊரைக் காலி செய்யச் சொல்லி அதிகாரி பேசப் பேச, அது ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்கும். பிரதியில் அப்படித்தான் எழுதியிருந்தோம். நிற்க வேண்டுமானால் கால் வேண்டும் என்பது எங்களில் ஒருத்தருக்கும் தோணவில்லை. குழுவில் வடிவமைப்பு வேலை பார்க்கும் நண்பர் எங்கிருந்தோ ஓர் அட்டை மான் தலைக்கான கோப்பை எடுத்து வந்தார். கொம்பை மாற்றி, நெற்றியை மேடாக்கி, மூக்கை அகலப்படுத்தி, லேசர் வெட்டும் கடை ஒன்றில் கொடுத்து வாங்கி, ஒரு மணி நேரத்தில் கோத்து முடித்துவிட்டோம். செலவு குறைவு, எடை குறைவு, பார்க்கவும் நன்றாக இருந்தது. பாட்டியின் கண்ணில் மட்டும் அது கழியில் குத்திய வெட்டுண்ட தலையாக இருந்தது.

நாங்கள் செய்ததாக நினைத்தது ஒரு மிருகம். செய்திருந்தது ஒரு வேட்டைச் சின்னம். வெளியேற்றத்துக்கு எதிரான நாடகத்தில், வெளியேற்றியவர்கள் சுவரில் மாட்டிவைத்த பொருளை நாங்களே செய்து, நாங்களே தூக்கிச் சுமந்திருக்கிறோம். இது எப்படி நடந்தது? எங்கள் அரசியல் சரியாக இருந்தது, கோப்பு சரியில்லை என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அப்படித் தப்பிக்க முடியாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். கோப்பு என்பதும் ஒரு பிரதிதான். அதையும் வாசித்தாக வேண்டும்.

2

அட்டை மிருகத் தலை இன்று ஒரு தனி வகைமை ஆகிவிட்டது. காப்பிக் கடைச் சுவர், நிறுவனங்களின் வரவேற்பறை, வசதியான வீடுகளில் குழந்தைகள் அறை என்று எங்கும் தொங்குகிறது. தட்டையான பொட்டலத்தில் வருகிறது. பசை வேண்டாம், ஆணி வேண்டாம். துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் மான், யானை, காண்டாமிருகம். வாங்குகிறவருக்கு அது ஒரு நகைச்சுவை; கூடவே ஒரு நற்சான்றிதழும். 'பாருங்கள், நான் யாரையும் கொல்லவில்லை.'

இதன் இலக்கணத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். கழுத்தில் ஒரு வெட்டு. வெட்டுவாயை மறைக்கும் கேடய வடிவப் பின்பலகை. பலகையில் ஆணிக்கு ஒரு துளை. கண்மட்டத்துக்கு மேலே இருந்து அறையைப் பார்க்கும் முகம். கொம்பின் அளவு கொஞ்சம் மிகை. இந்த ஐந்தும் மிருகத்திடமிருந்து எடுத்தவை அல்ல, பாடம் செய்த தலையிடமிருந்து எடுத்தவை. ரத்தத்தைத் துடைத்துவிட்டு இலக்கணத்தை அப்படியே வைத்துக்கொண்டால், அதற்கு மறுப்பு என்று பெயர் வைக்க முடியுமா?

'பாடம் செய்தல்' என்ற நம் சொல் இங்கே உதவுகிறது. தோலைப் பதனிட்டு உருவத்தை நிறுத்துவதும் பாடம், படிக்கும் பிரதியும் பாடம். ஏடு பெயர்த்து எழுதும்போது வரும் மாற்றத்துக்குப் பாடபேதம் என்று பெயர். சுவடிகளை ஒப்பிட்டவர்களுக்குத் தெரியும், பாடபேதம் மூலத்தை எதிர்ப்பதில்லை; ஒன்றிரண்டு எழுத்தை மாற்றிக்கொண்டு மூலத்தைத் தொடர்ந்து வாழவைக்கிறது. அட்டைத் தலை அப்படி ஒரு பாடபேதம்.

மூலம் என்ன? நம் பக்கத்திலேயே இருக்கிறது. நீலகிரியில் 1877இல் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுவும் அதன்கீழ் வந்த விதிகளும் வேட்டைக்குப் பருவத்தையும் உரிமத்தையும் வகுத்தன. 1882இல் சென்னை வனச் சட்டம். துப்பாக்கியும் உரிமமும் உள்ளவன் செய்தால் விளையாட்டு, வலையும் கண்ணியும் வைத்திருப்பவன் செய்தால் திருட்டு என்று காட்டுக்குள் ஒரு கோடு விழுந்த காலம் அது. காட்டெருமையை அவர்கள் 'இந்தியன் பைசன்' என்றார்கள். அதன் தலை மிகவும் விரும்பப்பட்ட பரிசுகளில் ஒன்று. அந்தத் தலையை ஒரு பத்திரமாகவும் வாசிக்க வேண்டும்: கொல்லும் உரிமை யாருக்கு இருந்தது என்பதற்கு ஆதாரம் அது. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முடக்கியது. காட்டில் இருந்தவர்களின் உரிமையை ஒப்புக்கொள்ளும் சட்டம் வர 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மிருகத்துக்கும் மனிதர்க்கும் இடையே 34 வருஷ இடைவெளி.

சுட்ட மிருகங்கள் எங்கே போயின? பல மைசூருக்குப் போயின. அங்கே வான் இன்ஜென் குடும்பத்தின் பாடம் செய்யும் தொழிற்கூடம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1999 வரை இயங்கியது. மகாராஜாக்களும் துரைமார்களும் அனுப்பிய புலிகளும் சிறுத்தைகளும் ஆயிரக்கணக்கில் அங்கே 'உயிர்' பெற்றன. அந்தப் புலிகளின் தோலுக்கடியில் இருந்தது வைக்கோல் இல்லை. வார்ப்பில் எடுத்த காகிதக்கூழ் உடல். அதாவது கர்ஜிக்கும் அந்தப் புலி ஏற்கெனவே காகிதப் புலிதான். தோலை உரித்துத் தூரப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த காகிதத்தை வெளியே காட்டினால் அதுதான் இன்றைய அட்டைத் தலை. நாம் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ஓர் அடுக்கைக் கழற்றியிருக்கிறோம், அவ்வளவே.

ஒரு மறுப்பு வரலாம். பிக்காசோ 1942இல் ஒரு சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத் தலை செய்தாரே, அதுவும் தலைதானே, அதுவும் சுவரில்தானே? உண்மைதான். ஆனால் அங்கே சீட்டு சீட்டாகவே இருக்கிறது. பார்க்கும் ஒவ்வொரு தடவையும் காளை சைக்கிளாகவும் சைக்கிள் காளையாகவும் புரண்டுகொண்டே இருக்கிறது. கழுத்து வெட்டை மறைக்கும் கேடயப் பலகை அங்கே இல்லை. அட்டை மானில் புரள்வதற்கு எதுவும் இல்லை, மான் உடனே மானாகி அடங்கிவிடுகிறது.

3

அடுத்த நாடகத்துக்கு முழு மிருகம் செய்வது என்று முடிவெடுத்தோம். நாலு காலில் நிற்க வேண்டும். தலையைக் குனிந்திருக்க வேண்டும். தோளுயரம் 1 மீட்டர். உயிருள்ள காட்டெருமை அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 'சின்ன விஷயம், உடம்பையும் சேர்த்துச் சீவிட்டா போச்சு' என்றார் வடிவமைப்பு நண்பர். சின்ன விஷயமாக இல்லை.

கணினிக்குள் மிருகம் எப்படி நுழைகிறது என்று பார்க்க வேண்டும். கணினி வரைகலையில் மிகப் பிரபலமான மிருகம் 1994இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்கேன் செய்யப்பட்ட முயல். அது உயிருள்ள முயல் அல்ல, சுட்ட மண் பொம்மை. உள்ளே போனதும் 69,451 முக்கோணங்களாகிவிட்டது. அடிப்பக்கத்தில் ஓட்டைகள் உண்டு. எதை எதையோ சோதிக்க உலகம் முழுக்க அந்த முயலைத்தான் பயன்படுத்தினார்கள். கணினியில் மிருகம் என்பது ஒரு தோல்; முக்கோணங்களால் நெய்த, உள்ளே ஒன்றுமில்லாத தோல். பாடம் செய்பவருக்கு வந்து சேருவதும் அதுவேதான். அவர் உள்ளே காகிதக்கூழை வைத்தார். நாம் உள்ளே தகடுகளை வைக்கிறோம்.

தகடுகளை வைக்கும் வேலையையும் மென்பொருளே செய்துவிடும். 2010களில் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் '123டி மேக்' என்ற இலவச மென்பொருள் இதைப் பரவலாக்கியது. அந்த வரிசையை நிறுத்திவிட்டார்கள்; ஆனால் அது பழக்கிய பார்வை நிற்கவில்லை. உருவத்தைக் கொடுத்தால் இரண்டு வழிகள் காட்டும். ஒன்று, அடுக்கு: ரொட்டியைப் போல் ஒரே திசையில் சீவி, சீவல்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவது. மற்றது, கோவை: நீளவாட்டில் சில தகடு, குறுக்குவாட்டில் சில தகடு, சந்திக்கும் இடத்தில் இரண்டிலும் பாதிப் பாதி காடி வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகுவது.

இந்தச் சீவும் பார்வை கணினியோடு பிறந்ததல்ல. 1860களில் பாரிஸில் பிரான்சுவா வில்லெம் என்பவர் ஒரு வட்ட அறையில் 24 கேமராக்களைச் சுற்றிவைத்து, நடுவில் ஆளை நிறுத்தி, அந்தப் படங்களின் வெளிக்கோடுகளைக் கொண்டு சிலை செய்தார். 1892இல் அமெரிக்காவில் பிளாந்தர் என்பவர் வாங்கிய காப்புரிமை இன்னும் நேரடியானது: சம உயரக் கோடுகளை மெழுகுத் தகடுகளில் பதித்து, வெட்டி, அடுக்கி மலையின் உருவத்தைச் செய்வது. மிருகத்தைச் சீவுவதற்கு முன்பே மலையைச் சீவிப் பார்த்துவிட்டார்கள். நில அளவைக்காரனுக்கு எல்லாத் திசையும் ஒன்று, எல்லா இடைவெளியும் சமம். நாங்கள் காட்டெருமையை உள்ளே போட்டு, 50 மி.மீ. இடைவெளி என்று கொடுத்தோம். மென்பொருள் ஒரு நொடியில் சீவிக் கொடுத்தது. வந்தது எருமையும் இல்லை, மாடும் இல்லை. ஒரு சோபா.

ஏன் என்று உட்கார்ந்து யோசித்தோம். காட்டெருமையைக் காட்டெருமையாக்குவது அதன் முதுகு. கழுத்தடியில் எழும் திமில், மேடாக நடு முதுகு வரைக்கும் ஓடி, அங்கே சட்டென்று இறங்கிவிடும். பின்னால் பார்த்தால் படி இறங்கின மாதிரி இருக்கும். இந்த மேடு நீளவாட்டில் ஓடுவது. குறுக்கே சீவினால் ஒவ்வொரு சீவலிலும் அது ஒரு சின்ன முண்டு, அவ்வளவுதான். மிருகத்தின் உயிர்நிலை எங்கே என்று சம இடைவெளிக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை.

அதனால் கணினியை மூடிவிட்டுக் காகிதத்தில் நடுத் தகட்டை வரைந்தோம்: மூக்கு நுனியிலிருந்து வால் அடி வரைக்கும் ஒரே கோடு. அதைச் சரியாக்க இரண்டு நாள் ஆனது. அந்த ஒரு தகட்டை நிமிர்த்திப் பிடித்தாலே தூரத்திலிருந்து 'காட்டெருமை' என்று சொல்ல முடிகிறதா என்பதுதான் சோதனை. சொல்ல முடிந்த பிறகே விலாக்களுக்குப் போனோம். தோளில் 40 மி.மீ.க்கு ஒன்று, வயிற்றில் 90 மி.மீ.க்கு ஒன்று. பாரம் எங்கே இருக்கிறதோ அங்கே நெருக்கம். கொம்பு இரண்டு திசையிலும் வளைவது. இந்தச் சட்டகத்துக்குள் அடங்காது. அதற்குத் தனித் திசையில் தகடு, தனிக் காடி.

முதல் சிறு மாதிரி மூக்கு குப்புற விழுந்தது. தலையைக் குனியவைத்தால் பாரம் முன்னங்காலைத் தாண்டிப் போய்விடுகிறது. ஒரு முன்னங்காலை அரை அடி முன்னே எடுத்து வைத்தோம். நின்றது. அதுமட்டுமில்லை, நடக்க ஆரம்பித்த மாதிரி இருந்தது. கலை நோக்கத்தோடு எடுத்த முடிவல்ல. விழாமல் இருக்க எடுத்தது. சுவரில் தொங்கும் தலைக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது, ஆணி பார்த்துக்கொள்ளும். தன் எடையைத் தானே தாங்க வேண்டிய உருவத்துக்குத்தான் நடை என்று ஒன்று வருகிறது.

4

இனி கடை. தெருவில் முகப்பே இல்லாத, பின்பக்கச் சந்தில் திறக்கும் ஒரு நீள அறை. கல்யாணப் பத்திரிகை, பெயர்ப்பலகை, கோயில் விழா ஷீல்டு எல்லாம் அங்கேதான் வெட்டுப்படுகின்றன. இயந்திரத்தின் பெட் 1300க்கு 900 மி.மீ. எங்கள் நடுத் தகடு அதற்குள் அடங்கவில்லை. முதுகு இறங்கும் இடத்தில், அந்தப் படியிலேயே, இரண்டாகப் பிரித்துக் கொக்கி போட்டு இணைத்தோம்.

லேசர் என்றதும் ஏதோ ஒளிவாள் மாதிரி கற்பனை வருகிறது. இது கார்பன் டை ஆக்சைடு லேசர். 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இதை உருவாக்கியவர் மராட்டிய மண்ணின் பாராமதியில் பிறந்த குமார் படேல். இதன் கதிர் அகச்சிவப்பு, 10.6 மைக்ரான் அலைநீளம், கண்ணுக்குத் தெரியாது. தெரியும் சிவப்புப் புள்ளி வழிகாட்டிதான். கண்ணாடிக் குழாயில் பிறந்து, கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, லென்ஸில் குவிந்து அட்டையைச் சுடுகிறது. வெட்டு என்று பெயர், நடப்பது எரிப்பு. ஊதும் காற்று தீயை அமர்த்திக்கொண்டே வரவேண்டும்.

இயந்திரத்தை ஓட்டுபவர் இருபத்தைந்து வயதுக்காரர். கோப்பைக் கோரலில் திறந்த உடனே சொன்னார்: "சார், இந்த லைன் ரெண்டு தடவ விழுந்திருக்கு. ஒண்ணுமேல ஒண்ணு. இப்படியே ஓட்டுனா ரெண்டாவது ரவுண்டுல பத்திக்கும். அட்டைக்குள்ள காத்து இருக்கு பாருங்க, அதான் டேஞ்சர்." மூன்று பேர் மூன்று வாரம் பார்த்த கோப்பு. ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

அடுத்தது காடி. ஐந்தடுக்கு அட்டை, 6 மி.மீ. கனம். காடியும் 6 மி.மீ. என்று போட்டிருந்தோம். "லூசாயிடும்" என்றார். கதிர் தன் பங்குக்கு 0.2, 0.3 மி.மீ. தின்றுவிடும், போதாததற்கு அட்டை அமுங்கும். சீப்பு மாதிரி ஒரு துண்டில் 5.2லிருந்து 6.2 வரை வரிசையாகக் காடி வெட்டிக் கொடுத்து, "செருகிப் பாருங்க, எது கையில நிக்குதோ அத சொல்லுங்க" என்றார். 5.6 நின்றது. இந்த எண் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அந்த அட்டைக்கும் அந்த லென்ஸுக்கும் அன்றைக்கும் மட்டுமே உரிய எண்.

பிறகு ஒரு சண்டை. தாள் மிச்சம் பிடிக்க, துண்டுகளைத் திருப்பித் திருப்பி அடுக்கி வெட்டிவிட்டார். எங்களுக்கும் காசு மிச்சம், அவருக்கும் நேரம் மிச்சம். கோத்துப் பார்த்தால் கால்கள் முழங்காலில் மடங்குகின்றன. அட்டையின் உள்ளே இருக்கும் நெளி மேல்கீழாக ஓடினால் கால் தூண் மாதிரி நிற்கும். குறுக்கே ஓடினால் கோடு போட்டு மடித்த மாதிரி மடங்கும். நண்பர் கத்தினார். அவர் நிதானமாகக் கேட்டார்: "நெளி எந்தப் பக்கம்னு ஃபைல்ல எங்க சார் போட்டிருக்கீங்க?"

எங்கும் போடவில்லை. கோப்பில் இருந்தது கோடு மட்டும். அட்டைக்குத் திசை உண்டு என்பது கோப்புக்குத் தெரியாது. எல்லாத் திசையும் ஒன்று என்று நினைக்கும் நில அளவைக்காரனை நாங்கள் முதுகில் துரத்திவிட்டோம். அவன் கால் வழியாக உள்ளே வந்துவிட்டான். மறுபடி வெட்டும்போது ஒவ்வொரு துண்டிலும் ஒரு சின்ன அம்புக்குறி, ஓர் எண். 58 துண்டுகள். எண்களை உள்பக்கம் மறையும் இடத்தில் லேசாகப் பொறிக்கலாம் என்பதும் அவர் யோசனைதான்.

இந்தச் சிற்பத்தின் 'ஆசிரியர்' யார்? வரைந்தவரா, காடியின் அளவைச் சொன்னவரா, நெளியைக் கேட்டவரா? ஆசிரியன் இறந்துவிட்டான் என்று நாம் நிறைய எழுதியாகிவிட்டது. அந்த மரணத்தை இலக்கியக் கூட்டத்தில் கொண்டாடிவிட்டு, நாடக அறிவிப்பில் 'சிற்ப வடிவமைப்பு' என்று நண்பரின் பெயரை மட்டும் போட்டோம். இது எங்கள் குழுவின் தவறு. நானும் சேர்ந்து செய்தது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அன்று முழுக்க அந்த அறையில் அட்டைப் புகை. உறிஞ்சும் விசிறியின் குழாய் சந்தில் திறக்கிறது. அங்கே ஒரு வீட்டின் ஜன்னல். அவர் இருமிக்கொண்டே வேலை பார்த்தார். "பிவிசி மட்டும் எவ்ளோ குடுத்தாலும் வெட்டமாட்டேன் சார். அந்தப் புகை ஆளையும் தின்னும், மிஷினையும் தின்னும்" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது: சூட்டில் பிவிசி விடுவது ஹைட்ரஜன் குளோரைடு. அட்டைப் புகை அந்த அளவுக்குக் கொடியதல்ல. ஆனால் தினமும் எட்டு மணி நேரம் சுவாசிப்பவரின் நுரையீரல் எந்த அழகியல் விவாதத்திலும் வருவதில்லை. 'ரத்தமில்லாத வேட்டை' என்று அடுத்த தடவை யாராவது சொன்னால், அந்த இருமலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுவேன்.

5

இதைப் பற்றிப் பேசும்போது இரண்டு வகை நண்பர்களோடு எனக்குச் சண்டை வருகிறது.

முதல் வகை நண்பர் சொல்வார்: இயந்திரம் வந்தால் கலை போயிற்று, ஐயனார் கோயில் மண்குதிரையைப் பார், அதில் வேளாரின் கைரேகை இருக்கிறது, உன் அட்டையில் என்ன இருக்கிறது? மண்குதிரைமேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த நண்பருக்கு வேளாரின் கைரேகை பிடிக்கிறது, லேசர் ஓட்டுபவரின் இருமல் பிடிப்பதில்லை. முதலாவது மரபு, இரண்டாவது வெறும் கூலி. கைத்திறனைப் போற்றும் குரல் யாருடைய கையை விட்டுவிடுகிறது என்று பார்த்தால் அதன் அரசியல் விளங்கும். எங்கள் காட்டெருமையிலும் கை இருந்தது. 5.6 என்பது கை கண்டுபிடித்த எண்.

இரண்டாம் வகை நண்பர் நேர் எதிர்: கோப்பு இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கலாம், வெட்டலாம், சிற்பம் ஜனநாயகமாகிவிட்டது. இதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. ஆனால் அந்த இலவசக் கோப்புதான் எங்களுக்குக் கழுத்து வெட்டையும் கேடயப் பலகையையும் கொடுத்தது. பரவலாவது வடிவம் மட்டுமல்ல, வடிவத்துக்குள் உறைந்திருக்கும் பார்வையும் கூடவே பரவுகிறது. இறக்கியவன் கொம்பை மாற்றலாம், மூக்கை மாற்றலாம். கழுத்தில் வெட்டு இருக்கிறது என்பதைக் கவனிக்கவே மாட்டான். நாங்கள் கவனிக்கவில்லை. ஒரு பாட்டி கவனித்தார். அவர் எந்தக் கோப்பையும் இறக்கியவர் இல்லை.

இரண்டு பேருமே இயந்திரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் பேசச் சொல்வது முடிவுகளைப் பற்றி. எந்தத் திசையில் சீவுவது, எங்கே நெருக்குவது, எங்கே வெட்டி நிறுத்துவது, எதன்மேல் நிற்கவைப்பது: இவை ஒவ்வொன்றும் எவனோ ஒருவன் எடுத்த முடிவு. மென்பொருளில் அவை 'இயல்பு அமைப்பு' என்ற பெயரில் ஒளிந்திருக்கின்றன. விமர்சனத்தின் வேலை அங்கேதான்.

6

அட்டையைப் பற்றிக் கொஞ்சம். 1856இல் இங்கிலாந்தில் நெளிவு காகிதத்துக்குக் காப்புரிமை வாங்கியபோது அது தொப்பியின் உள்பட்டைக்காக. 1871இல் அமெரிக்காவில் அதைப் புட்டிகளைச் சுற்றப் பயன்படுத்தினார்கள். பிறகுதான் இருபுறமும் தாள் ஒட்டிப் பலகையாகி, உலகத்துச் சரக்கு முழுவதையும் சுமக்க ஆரம்பித்தது. வேறு எதையாவது காப்பாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுக் குப்பைக்குப் போவது அதன் விதி. சுமைகூலிகள் மாதிரி.

அதைச் சிற்பப் பொருளாக எடுப்பதே ஒரு நிலைப்பாடு. பிக்காசோ 1912இல் அட்டையையும் கயிற்றையும் கம்பியையும் வைத்துச் செய்த கிதார், செதுக்குவது, பிடிப்பது என்ற இரண்டுக்கும் வெளியே, 'கட்டுவது' என்ற வழியைச் சிற்பத்துக்குத் திறந்துவிட்டது. பீட்டர் ஷுமன் 1963இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரெட் அண்ட் பப்பெட் நாடகக் குழு காகிதக்கூழில் ராட்சத உருவங்கள் செய்து வியட்நாம் போர் எதிர்ப்பு ஊர்வலங்களில் தெருவில் தூக்கிக்கொண்டு போனது. மைசூரில் புலித்தோலுக்கு அடியில் இருந்த அதே காகிதக்கூழ்தான். ஓரிடத்தில் அது சாவை மறைத்தது, இன்னோரிடத்தில் சாவைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. பொருளுக்கு இயல்பாகவே ஓர் அரசியல் உண்டு என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் மிருகத்துக்குப் பெயிண்ட் அடிக்கலாமா என்று விவாதம் வந்தது. காட்டெருமைக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி இருக்குமே, அதையாவது? வேண்டாம் என்று முடிவாயிற்று. லேசர் சுட்ட விளிம்பு தானாகவே கரும்பழுப்பு. விளிம்பைப் பார்க்கும் கோணத்தில் மிருகம் கறுக்கிறது, தகட்டைப் பார்க்கும் கோணத்தில் வெளுக்கிறது. பெட்டி அட்டையாகவே வாங்கியதால் ஒரு விலாவில் 'இந்தப் பக்கம் மேலே' என்ற அச்சும் அம்புக்குறியும் அப்படியே இருந்தன. அதையும் விட்டுவிட்டோம்.

7

இரண்டாம் முறை வேறொரு ஊரில் போட்டோம். காட்டெருமை நின்றது. அதிகாரி பேசப் பேச, அது குனிந்தபடி ஒரு காலை முன்னே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பாதி நாடகத்தில் தூறல். ஈரம் ஏற ஏற நெளி இளகி, முதுகு மெல்ல இறங்கியது. வசனமே இல்லாத பாத்திரம் அன்றைக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாக நடித்தது. முடிந்ததும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு விலாவாகக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

இத்தோடு கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் அங்கே ஒரு பையன், பன்னிரண்டு வயது இருக்கும், நாடகம் தொடங்குவதற்கு முன் மிருகத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, குறுக்கும் நெடுக்குமான தகடுகளுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது மாடா, கூண்டா?" என்று கேட்டான்.

கழுத்து வெட்டை எடுத்துவிட்டோம், கேடயப் பலகையை எடுத்துவிட்டோம், கால் கொடுத்தோம். ஆனால் குறுக்கும் நெடுக்கும் போகும் கட்டம் அப்படியே இருக்கிறது; எல்லாவற்றையும் சட்டகத்துக்குள் பிடித்து நிறுத்தும் கட்டம். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் மிருகம், சற்று நகர்ந்து பார்த்தால் கம்பி போட்ட கூண்டு. இந்தக் கூண்டையே நாடகத்துக்குள் கொண்டுவரலாம் என்கிறார் ஒரு நண்பர். குறுக்குத் தகடுகளை எடுத்துவிட்டு, நீளவாட்டுத் தகடுகளை மட்டும் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டால் காற்றில் அசையும் என்கிறார் இன்னொருவர். நிற்குமா என்று தெரியவில்லை. சீப்பு மாதிரி ஒரு துண்டு வெட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

கோப்பு எங்களிடம் இருக்கிறது. கேட்கும் குழுக்களுக்குத் தருகிறோம். நெளியின் திசைக்கு அம்புக்குறி உண்டு. காடியின் அகலம் மட்டும் போடவில்லை, அதை உங்கள் ஊர்க் கடையில் இயந்திரம் ஓட்டுபவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அவர் பெயரையும் மறக்காமல் போடுங்கள்.